எடுத்து வைத்த பாசி

ஆகஸ்ட் 4, திங்கள்

செண்பகம் இன்று வந்து சேர்ந்தாள். வந்தாள் என்பதைவிட இறக்கி வைக்கப்பட்டாள் என்பது சரி. தூத்துக்குடியிலிருந்து காரின் பின்னிருக்கையில் படுத்தபடியே வந்தவளை, அவள் கணவர் ஆறுமுகமும் டிரைவரும் நாற்காலியோடு தூக்கி என் வீட்டுக் கூடத்தில் வைத்தார்கள். அவர்கள் வீடு மாடியில் இருக்கிறது. படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருமாள்புரத்தில் என் வீடு தரைத்தளம், ஆஸ்பத்திரியும் பக்கம். நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம்.

தங்கைக்கு நாற்பத்தொரு வயது. இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். கழிவறைக்குப் போவதற்குத் தவிர எழுந்திருக்கக் கூடாதாம். படுத்தே கிடப்பதால் பலன் உண்டு என்பதற்கு நான் படித்தவரை உறுதியான சான்று கிடையாது. டாக்டரிடம் அதைச் சொன்னேன். "இருந்தாலும் படுக்கட்டும் மேடம்," என்றார். அம்மா சொன்னால் அது சாங்கியம், டாக்டர் சொன்னால் அது சிகிச்சை.

அம்மாவின் நிபந்தனை ஒன்றுதான். பிள்ளை பிறக்கும்வரை பிள்ளைக்கென்று ஒரு துரும்பும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. முதல் தடவை செண்பகம் ஆசைப்பட்டு ஒரு ரோஸ் கவுன் வாங்கி வைத்தாள். அதனால்தான் தங்கவில்லை என்பது அம்மாவின் முடிவு. இரண்டாம் தடவை எதுவும் வாங்கவில்லையே என்று கேட்டேன்.

"அந்தக் கவுன் பீரோவுலதான கெடந்துச்சு," என்றாள்.

விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கி, இத்தனை வருஷமாகப் பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அம்மாவிடம் ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வந்ததிலிருந்து செண்பகம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். டிவி வேண்டாம், புத்தகம் வேண்டாம். இன்று காலை நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது, "யக்கா, வரும்போது எனக்குப் பாசி வாங்கியா," என்றாள்.

"என்ன பாசி?"

"கையில போடுத பாசி. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் போட்டா படுக்கையில உடைஞ்சு குத்தும்லா. நானே பாசி கோத்துப் போட்டுக்கிடுதேன். வாரவங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுக்கலாம்."

வளைகாப்பு ஏழாம் மாதம். அவள் மனசு அதற்குள் அங்கே போய்விட்டது.

மார்க்கெட் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணாடிப் பாசிமணி வாங்கினேன். எலாஸ்டிக் நூல் ஒரு சுருள். கடைப்பெண், "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா மேடம்? வாயில போட்ரும், பாத்து," என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் எவர்சில்வர் தட்டில் கொட்டினேன். கொட்டிய வேகத்தில் பாதிப் பாசி குதித்துத் தரையெல்லாம் ஓடியது. செண்பகம் சிரித்துக்கொண்டே கையை ஊன்றி எழப் போனாள். நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் அப்படியே படுத்துவிட்டாள். சிரிப்பும் போய்விட்டது.

கட்டிலுக்கடியில் தவழ்ந்து பொறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து குரல் வந்தது: "எம்மா, உன் மூத்த மக முட்டி போடுதா பாரு. காலேஜ் பிள்ளைங்க பாத்தா போட்டோ புடிச்சிரும்."

ஆகஸ்ட் 9, சனி

துண்டை விரித்து அதன்மேல் கொட்டினால் பாசி ஓடாது. நூலின் ஒரு முனையில் டேப் ஒட்டிவிட்டால் கோத்தது நழுவாது. இரண்டையும் தாமதமாகக் கண்டுபிடித்தோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இப்போது கை பழகிவிட்டது. மணிக்கட்டைச் சுற்றி நூலை வைத்து அளவெடுக்கிறோம். ஒரு விரல் நுழையும் இடம் விட வேண்டும். கோப்பதற்கு முன்பே நூலை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போட்ட பிறகு தளர்ந்து தொங்கும். இரட்டை முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். காய்ந்ததும் முடிச்சை இழுத்துப் பெரிய துளை உள்ள பாசிக்குள் மறைத்துவிடலாம். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி இழுப்புதான். முடிச்சு எங்கே என்று போட்டவளுக்கே தெரியாமல் போய்விடும்.

எலாஸ்டிக் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, கருவியல் பாடப்புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு ஒரு வளையத்தில் மாட்டி ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டேன். தடித்த புத்தகம். மறுநாள் வளையம் நீண்டு போயிருந்தது. அறுந்திருக்கவில்லை. "சும்மா சொல்லக் கூடாது, ஆராய்ச்சிதான்," என்றாள் செண்பகம்.

வாரக் கடைசியில் ஆறுமுகம் வருகிறார். வங்கியில் வேலை, அதிகம் பேசாத மனிதர். வந்தால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். "மதினி, ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் எங்கள் எல்லோருடைய பிரச்சினையும். நூல் வெட்டித் தரும் வேலையைக் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினார். செண்பகம் அவருக்கு ஒரு நீலப் பாசி கோத்துக் கொடுத்தாள். வாட்ச்சுக்கு உள்ளே தள்ளி மறைத்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒவ்வொரு வருஷமும் இந்தப் பருவத்தில் கோழிக்கருச் செய்முறை வகுப்பு வரும். இன்குபேட்டரில் வைத்த முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்த்தால், மஞ்சள் கருவின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் இதயம். வகுப்பே அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருத்தி கட்டாயம் கேட்பாள்: "திருப்பி மூடி வச்சா பிழைச்சிருமா மேடம்?" பிழைக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த முட்டைக்குப் போவேன்.

இந்த வருஷம் அந்த வகுப்பை எங்கள் துறையில் இருக்கும் ரெஜினாவிடம் கொடுத்துவிட்டேன். "நீங்க அத யாருக்கும் விட்டுத் தரவே மாட்டீங்களே மேடம்," என்றாள். நேரமில்லை என்றேன். இன்று எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பே இல்லை. துறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் செண்பகம் கூப்பிட்டாள்.

"யக்கா, கருப்பும் வெள்ளையும் வாங்கியா."

பிறந்த குழந்தையின் கையில் கட்டும் பாசி அது. ஒரு கருப்பு, ஒரு வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோப்பது. கண் படாமல் இருக்க. வேறு எதற்கும் அந்த இரண்டு நிறத்தைச் சேர்த்து வாங்க மாட்டார்கள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிருவா."

"நீ நம்புதியா அத?"

"நான் எங்க நம்புதேன்?"

"பின்ன வாங்கியா. நீயே கோத்துக் குடு. நான் கோக்கல." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "உள்ள அசையுதுன்னு சொல்லுதேன். சில நேரம் எனக்கே நம்பிக்கை இல்லக்கா. கண்ணால பாக்க என்னமாவது வேணும்."

செப்டம்பர் 4, வியாழன்

கோத்தாயிற்று. பிறந்த குழந்தையின் மணிக்கட்டு எத்தனை பருமன் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க முடியாது. கடைசியில் என் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து அதைச் சுற்றி அளவெடுத்தோம். வெள்ளையில் தொடங்கினேன். ஊசி முனை போன்ற துளை. நூல் உள்ளே போக மறுத்தது. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

செண்பகம் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

வளைகாப்பு. கூட்டம் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நெருங்கிய சிலர் மட்டும். ஆறுமுகத்தின் அக்காள் தூத்துக்குடியிலிருந்து பழத்தட்டோடு வந்திருந்தார். செண்பகம் கட்டிலில் சாய்ந்தபடியே பட்டுப்புடவையை மேலே போர்த்திக்கொண்டாள்.

கல்யாணமானவர்கள் வளையல் போட வேண்டும். கல்யாணமாகாத சின்னப் பெண்கள் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் கல்யாணமாகாமல் இருப்பவளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "புளியோதரையக் கொஞ்சம் கிளறுட்டி," என்று அடுக்களைக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. வெளியே பேச்சு கேட்டது.

"பாசியில சத்தமே வரலியேம்மா," என்றார் ஆறுமுகத்தின் அக்காள். "வளையல் குலுங்குனாதான பிள்ளைக்குக் காது கேக்கும்."

"எங்க அக்கா பேசுததே போதும் மதினி. நாள் முழுக்கப் பாடம் நடத்துதா. பிள்ளை டிகிரியோடதான் வரும்." பிறகு அவள் குரல் உயர்ந்தது. "யக்கா, கரண்டிய வச்சிட்டு வா. நீ போடாம முடியுமா?"

போனேன். ஒரு பச்சைப் பாசியை எடுத்து அவள் கையில் போட்டேன். எலாஸ்டிக் விரிந்து கொடுத்தது. மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அம்மா அந்த நேரம் பார்த்துச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

புளியோதரை லேசாக அடிப்பிடித்திருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

வகுப்பில் இருந்தேன். அம்மா போன் செய்தாள். "ஏட்டி, கட்டில் நனைஞ்சு போச்சு," என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பனிக்குடம் கசிகிறது. தையலைப் பிரித்துவிட்டார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக ஊசி போட்டிருக்கிறார்கள். அது வேலை செய்ய அவகாசம் வேண்டும். எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நல்லது என்கிறார் டாக்டர். தள்ளிப்போட நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் செய்ய முடியாது மேடம். வெயிட் பண்ணுவோம்."

வராந்தாவில் ஆறுமுகத்தின் அக்காள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தது தெரியாது. "நல்லாதான் இருந்தா. வளைகாப்பு முடிஞ்சு ஒரு வாரம் ஆகல. எல்லாரும் கை வைக்கலாமா, நீங்களே சொல்லுங்க." காபி வாங்க இறங்கிப் போனேன்.

செண்பகம் வீட்டுத் தலையணையை விடாமல் கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரித் தலையணைதான் வைக்க வேண்டும் என்று நர்ஸ் மாற்றினார். உறையைக் கழற்றியபோது கருப்பு வெள்ளைப் பாசி என் கையில் வந்து விழுந்தது. அதைக் கழிவறைக்குக் கொண்டுபோனேன். அங்கே அறுந்துவிட்டது. பாசி எல்லாம் வாஷ்பேசினில் சிதறித் தண்ணீரோடு போய்விட்டது. ஒன்றிரண்டைப் பிடிக்கப் பார்த்து விட்டுவிட்டேன்.

கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும், காணோம். வாஷ்பேசின் மேலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

பெண். மதியம் பிறந்தது. ஒரு கிலோகூட இல்லை. அழுததாம். கதவு மூடியிருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுகிறார்கள். ஆறுமுகத்துக்குப் பிறகு நான் போனேன். முழங்கை வரை கழுவி, கவுன் போட்டு, தொப்பி போட்டு.

இன்குபேட்டர். எனக்குத் தெரிந்த சொல்தான். கல்லூரியில் எங்களிடம் ஒன்று இருக்கிறது. பழையது, வெப்பமானி மாட்டிய பெட்டி. இதற்குள் கை நுழைக்க வட்ட ஜன்னல்கள். தோல் மெல்லிசாக, கீழே நரம்பு ஓடுவது தெரிந்தது. மார்பு ஏறி இறங்கும்போது உள்ளே இதயம் எங்கே துடிக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். நான் பார்க்கவில்லை. காலில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். 'செண்பகத்தின் குழந்தை' என்று எழுதியிருந்தது.

நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார். அவர் பெயர் ஜெபராணி. "கேள்வி ஏதும் இருக்கா மேடம்?" என்று கேட்டார். பிழைக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். இத்தனை வருஷம் அதை என்னிடம் கேட்ட பெண்களின் முகங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. ஒன்றுமில்லை சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

செண்பகத்தை இன்னும் வார்டில் வைத்திருக்கிறார்கள். பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கிறாள். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறார்கள். ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது. மிச்சத்தைப் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். பாட்டில்களைக் கழுவுவது என் வேலை. நன்றாகக் கழுவுகிறேன்.

கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"யக்கா, அந்தப் பாசி எங்க?"

"அறுந்துட்டு."

"எலாஸ்டிக்கா?"

"ம்."

"நீ புஸ்தகத்தத் தொங்கவிட்டும் அறாத எலாஸ்டிக்."

குழாயை மூடினேன். திரும்பவில்லை.

"நீயுமாக்கா," என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ இதெல்லாம் நம்பாதவன்னுதான் உங்கிட்ட கேட்டேன். அம்மா பயந்தா எனக்கு ஒண்ணும் செய்யாது. நீ பயந்துட்டியே."

பாசிக்கும் பனிக்குடத்துக்கும் தொடர்பில்லை என்று ஒரு பத்தி சொல்லலாம். வகுப்பில் சொல்வேன்.

"கேட்டது நான்தான," என்றாள் பிறகு. "கேட்டிருக்கக் கூடாது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இப்போது எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம், எழலாம், நடக்கலாம். தடையே இல்லை. அவள் எழுந்திருப்பதில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெபராணி சிஸ்டரிடம் கேட்டேன், குழந்தையின் கையில் ஏதாவது கட்டலாமா என்று. செண்பகம் கேட்கச் சொல்லவில்லை.

"நூலு, கயிறு, பாசி, ஒண்ணும் கூடாது மேடம். இன்ஃபெக்‌ஷன் ஆயிரும். எல்லா அம்மாவும் கேக்காவ, எல்லார்ட்டயும் அதான் சொல்லுதேன். கோவில் கயிறு, சிலுவை, தாயத்து. யாரு சாமியும் உள்ள வர முடியாது, கைகழுவிட்டு நாங்கதான் போவோம்."

"அளவு மட்டும் எடுத்துத் தருவீங்களா?"

என்னைப் பார்த்தார். உள்ளே போய், காயம் கட்டும் சுத்தமான காஸ் துணியிலிருந்து ஒரு இழையை உருவி, வட்ட ஜன்னல் வழியே கையை விட்டு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, அளவுக்கு வெட்டி என் கையில் வைத்தார். "பத்திரமா வச்சுக்கிடுங்க. பேப்பர் மாதிரி பறந்துரும்."

வீட்டுக்குப் போய்க் கோத்தேன். இந்த முறை செண்பகத்தை ஏமாற்ற முடியாது. இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றி, நூலை முதலிலேயே இழுத்துவிட்டு, எல்லாம் முறையாக. கையில் வைத்துப் பார்த்தால் அது வளையல் மாதிரியே இல்லை.

வார்டில் அவளிடம் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த விரலில் அதை மாட்டிக்கொண்டாள். சரியாக இருந்தது.

"இவ்வளவுதானாக்கா கையி," என்றாள்.

மாலையில் எழுந்து தானே நடந்து குழந்தையைப் பார்க்கப் போனாள். உள்ளே போகும்போது மட்டும் அதைக் கழற்றி என்னிடம் தருகிறாள். வெளியே வந்ததும் வாங்கி மாட்டிக்கொள்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

குழந்தைக்கு இரத்தத்தில் தொற்று. நேற்றிலிருந்து வென்டிலேட்டர். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் நல்லவர், ஒளிக்காமல் சொன்னார். இரண்டு பக்கமும் போகலாம் என்றார். செண்பகம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள். ஆறுமுகம் லீவு போட்டுவிட்டு வந்து, வராந்தாவில் தண்ணீர் கேன் காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நீலப் பாசி இன்னும் வாட்ச்சுக்கு அடியில் இருக்கிறது.

அம்மா என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த நாற்காலிகள் ஆகாது, கால் தரையில் படாது.

"எல்லாம் என்னாலதாட்டி," என்றாள்.

"என்னம்மா?"

"அப்பா வேட்டி ரெண்டு பெட்டியில இருந்துச்சுல்லா. நல்ல மெத்துன்னு இருக்கும். அதக் கிழிச்சு, ஓரம் அடிச்சு, மடிச்சு வச்சேன். பிள்ளைக்குத் துணி."

"எப்ப?"

"ஆடியிலயே. செண்பகம் இங்க வந்து கெடக்கும்போது."

"நீதான ஒரு துரும்பும் வாங்கக் கூடாதுன்ன."

"வாங்கலியே. வீட்ல கெடந்தத கிழிச்சதுதான." பிறகு, "கிழிச்சதும் சேத்திதான் போல," என்றாள்.

"அம்மா, இது கிருமியால வருது."

"அது தெரியும்ட்டி எனக்கு. கிருமி ஏன் இங்க வந்துச்சுன்னு சொல்லு."

பதிலுக்கு நான் செய்ததைச் சொன்னேன். கருப்பு வெள்ளைப் பாசி கோத்ததை, தலையணைக்குள் வைத்ததை. வாஷ்பேசினை மட்டும் சொல்லவில்லை. அம்மா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல ஆரம்பிச்ச?"

"வெள்ளையில."

"கருப்புலல்லாட்டி ஆரம்பிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது போலிருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. கேட்டது தன் தப்பு என்று ஒருத்தி கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். கிழித்தது தன் தப்பு என்று ஒருத்தி இங்கே. ஒரு குழந்தைக்குள் ஒரு கிருமி போவதற்கு நாங்கள் எத்தனை பேர் பொறுப்பெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏதாவது செய்ததால்தான் இப்படி ஆயிற்று என்றால், ஏதாவது செய்து சரிசெய்யவும் முடியும். ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் செய்ய முடியாது என்பதைத்தான் மூன்று பேராலும் தாங்க முடியவில்லை.

அம்மாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. என் கைப்பையை எடுத்து அவள் காலுக்கடியில் வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாற்றம் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

மாற்றம் இல்லை. செண்பகம் இன்று பாட்டில்களைத் தானே கழுவினாள்.

அக்டோபர் 8, புதன்

பால் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் செண்பகம் பீய்ச்சி எடுக்கிறாள். ஃப்ரிட்ஜில் இடமில்லை. எடுத்து வைக்காதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். மூக்கில் குழாய் மட்டும். ஒரு நாள் பொறுத்து எழுதலாம் என்று நேற்று எழுதவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மறுபடி ஒரு ஸ்பூன் பால். குழந்தைக்கு மூச்சு இடையிடையே நிற்கிறது, கருவி கத்துகிறது, உள்ளங்காலைச் சுண்டிவிட்டால் திரும்ப மூச்சு விடுகிறாள். இது பழகிவிடும் என்கிறார் ஜெபராணி. எங்களுக்கா, அவளுக்கா என்று கேட்கவில்லை. நிச்சயமாக எதையும் சொல்ல இன்னும் பல வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். நிச்சயம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதே இதுதான் முதல் முறை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வரும் வழியெல்லாம் வெடிச்சத்தம். உள்ளே கதவை மூடினால் ஒன்றும் கேட்பதில்லை. அம்மா வீட்டில் பலகாரம் எதுவும் செய்யவில்லை. கருப்பட்டி மட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

இன்று முதல் முறையாகக் குழந்தையை வெளியே எடுத்து செண்பகத்தின் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். குழாய்களோடு, ஒயர்களோடு, தலையில் ஒரு துளித் தொப்பியோடு. சாய்வு நாற்காலியில் செண்பகம் அசையாமல் சாய்ந்திருந்தாள். அசையாமல் படுக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நானும் அம்மாவும். ஆறுமுகம் எங்களுக்குப் பின்னால், யார் மறைத்தாலும் தெரியும்படி நுனிக்காலில் நின்றார்.

"என்னத்தட்டி பாக்குது அது?" என்றாள் அம்மா.

"கண்ணு இன்னும் சரியா தெரியாதும்மா இந்த வயசுல."

"நீ பேசாம இரு."

ஜெபராணி வெளியே வந்தபோது என் கைப்பையிலிருந்து அந்தக் காஸ் இழையை எடுத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே வாங்கிப் பார்த்தார். "ரொம்ப நாளாச்சே, இத உள்ள கொண்டு போக முடியாது," என்று சொல்லிவிட்டுப் புது இழை ஒன்றை உருவிப் போய், செண்பகத்தின் நெஞ்சில் கிடந்த பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, வெட்டிக் கொண்டுவந்தார்.

இரண்டையும் வராந்தா நாற்காலியின் கைப்பிடியில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தேன். முதலில் நான் சரியாக நீட்டவில்லை என்று நினைத்தேன். மறுபடி வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். புதியது நீளம். அதிகமில்லை. ஒரு பாசியின் அகலம்.

"தொற்று வந்ததால வீக்கமாகூட இருக்கலாம்," என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.

மாலையில் வீட்டுக்கு வந்து துண்டை விரித்துப் பாசியைக் கொட்டினேன். செண்பகம் விரலில் போட்டிருக்கும் வரிசை வெள்ளையில் முடிந்திருக்கிறது. அடுத்து வர வேண்டியது கருப்பு. துளை நேராக உள்ள ஒன்றைத் தேடி எடுத்தேன். நூலையும் புது அளவுக்கு வெட்டி இழுத்துவிட்டேன்.

கோக்கவில்லை. பாசியை எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எடுத்து வைப்பது கோப்பது ஆகாது.